மடுல்சீமைக்குத் திரும்பிப் போன கோப்பிக் கன்று

மடுல்சீமைக்கு வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நான் கடைசியாகப் போனது எழுபத்தெட்டில், அதுவும் சண்டை பிடிக்க. ஹாலிஎலவில் இருந்த என் காணியில் நட, அங்கே ஒரு தோட்டத்து நர்சரியில் பன்னிரண்டு கோப்பிக் கன்று வாங்கியிருந்தேன். நட்டுப் பத்து நாளில் இலையெல்லாம் கருகிவிட்டது. பதுளையில் கடை வைத்திருக்கும் என் தலையிலேயே சொத்தைக் கன்றைக் கட்டிவிட்டார்களே என்று கன்று கொடுத்த பெண்ணையும் குறை சொல்லித் தோட்டத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பதினொன்றைப் பிடுங்கி எறிந்தேன். மிச்சம் ஒன்றைச் சாட்சிக்காகப் பால்மா டின்னில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஆறரைக்குப் பதுளையில் பஸ். பசறை பதினொரு மைல். அங்கே ஒரு மணிநேரம் காத்திருந்து அடுத்த பஸ். இரண்டுக்கும் சேர்த்து மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. பாதையா அது, இடுப்பு கழன்றுவிட்டது. “அதுக்கும் ஒரு டிக்கட் போடவா நானா?” என்று கண்டக்டர் அண்ணன் முறை வைத்து, டின்னைக் காட்டிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மடுல்சீமை பஜாரில் இறங்கி, தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். வழியில் செங்குத்தான மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். எனக்குக் கன்று கொடுத்த பாக்கியம்தான். வயிற்றில் ஆறு மாதம்.

“நர்சரியில இல்லையா தங்கச்சி?”

“நீங்க எழுதுன கடுதாசியால மலைக்கு அனுப்பிட்டாங்க முதலாளி. கன்ன எப்படி நட்டீங்க?”

“நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்துத்தான்.”

“தழ போட்டு மூடுங்க, கொஞ்சங்கொஞ்சமா எடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே.”

சொன்னாள்தான். நான்தான் பஸ் போய்விடும் என்று காதில் வாங்காமல் ஓடினேன்.

டின்னை வாங்கி, கருகிய இலையைத் தடவினாள். அகலமாக, காகிதம் போல மெல்லிசாக இருந்தது. “இது நெழல்ல வந்த எல. கெடைக்கிற வெளிச்சத்தப் புடிக்க விரிஞ்சிருக்கு. வெயில் தாங்காது. கன்னு புதுசா ஒன்னு போட்டாத்தான் உண்டு. இந்தா, போட்டிருக்கே.” நுனியில் சின்னதாக, தடிப்பாக ஒரு தளிர். மூன்று மணிநேரம் மடியில் வைத்திருந்த என் கண்ணில் அது படவில்லை. “மத்ததெல்லாம்?” என்றாள். பிடுங்கிவிட்டேன் என்றேன். “அதுகளுந்தான் போட்டிருக்கும்” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று பஜாரில் மச்சானின் கடையில் தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். அங்கே வேலை பிரித்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவளைப் பற்றி நான் எழுதியதை இத்தனை பேர் முன்னால்தானே வாசித்திருப்பார்கள்? டின்னைத் தூக்கிக் காட்டி, பிழை என்னுடையது, கன்றில் குறையில்லை என்று சத்தமாகவே சொன்னேன். யாரோ சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாக்கியம், நர்சரிக்குப் போ.”

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். “உங்ககிட்ட குடுத்தா இதையும் கொன்னுருவீங்க.”

போகிறவர்கள் பசறையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கன்று வாங்கினால், கொடுப்பவர் சொல்வதை நின்று கேளுங்கள், பஸ் போனால் போகட்டும். இலை கருகினால் ஒரு மாதம் பொறுங்கள். கடிதம் எழுதுவதாக இருந்தால் அதற்கும் ஒரு மாதம்.