ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை

1. ஜன்னல் இல்லாத அறை

எங்கள் சர்வர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு பெரிய கன்டெய்னர் யார்டு. கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகளும் கப்பல் ஏறப்போகும் பெட்டிகளும் சுங்க வேலை முடியும்வரை அங்கேதான் அடுக்கிக் கிடக்கும். நான் அங்கே கணினிகளுக்குப் பொறுப்பாளன். வெளியே டிரெய்லர் புகை, உப்புக் காற்று, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கைப் பொத்தவைக்கும் ஒரு வாடை. உள்ளே சர்வருக்காக இரவும் பகலும் ஏசி ஓடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஒரே வியாசர்பாடிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

திரையில் ப்ராக்ஸி லாக் ஓடிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் யார் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், அவர் பெயர், நேரம், பக்கத்தின் முகவரி மூன்றும் ஒரு வரியாக வந்து விழும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். படிப்பேன் என்று சொல்ல முடியாது. கண் பாதி மூடியிருக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் தினமும் கல்யாணப் பொருத்தம் பார்க்கிற தளத்துக்குப் போவார். மனதுக்குள் அவருக்குப் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பந்தியில் உட்கார்ந்து நான் சாப்பிட்டும் முடித்திருப்பேன். ஒரு பெயரும் ஒரு முகவரியும் கிடைத்தால் போதும், மீதியை நானே கட்டிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு.

எல்லோரையும்விட அதிகமாக விழுந்த பெயர் ஸ்டெல்லா மேரி. யார்டு பிளானிங்கில் கிளார்க், ராயபுரத்திலிருந்து வருவார். அவர் பெயருக்கு எதிரே எப்போதும் ஒரே முகவரி. ஏதோ வெளிநாட்டுத் தளம், அதன் வாலில் நீளமாகப் புரியாத எழுத்துகள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கடலோர ஊர் என் கண்முன்னே வரும். ஓட்டு வீடுகள், வெள்ளைச் சுவர், ஆள் இல்லாத கடற்கரை. ஸ்டெல்லா தினமும் காலையில் அங்கே போய்விட்டு மாலையில் திரும்புவதாக நினைத்துக்கொள்வேன். என்ன அது என்று திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இப்போது இதையெல்லாம் கிளவுட் என்கிறார்கள். 2008 வாக்கில் எங்களுக்கு அது வெறும் ‘வெளி சைட்’.

2. முதல் பத்துப் பேர்

ஒரு நாள் சுங்கத்துக்கு மனு ஏற்றும் பக்கம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், பொறுமைதான் கிடையாது.

“லைன் ஏன்யா இப்படி இழுக்குது? எல்லாரும் நெட்ல உட்கார்ந்து விளையாடறாங்களா?”

“தெரியலை சார். லாக்ல பார்க்கணும்.”

“பாரு. வெளி சைட்டுக்கு அதிகமா போற முதல் பத்துப் பேர் யாருன்னு எனக்கு ஒரே பக்கத்துல வேணும். பேரு, எத்தனை தடவை. அவ்வளவுதான்.”

எனக்கு உற்சாகமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அத்தனை வருடம் வேடிக்கை பார்த்த லாகை முதல் முறையாக ஒருவர் கேட்கிறார். வரிகளை எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அழகான பட்டியல் வந்தது. முதல் பெயர் ஸ்டெல்லா மேரி, ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறாயிரம் தடவை. இரண்டாவது பெயர் முந்நூறைக்கூடத் தாண்டவில்லை.

அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தேன். ஆறாயிரம் தடவை ஒருவர் எப்படித் திறப்பார், விரல் தேய்ந்துவிடாதா என்று தோன்றியது. ஆனால் பட்டியல் அழகாக இருந்தது, பிரின்டரும் சூடாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அடுத்த திங்கள் காலை ஸ்டெல்லாவைக் கேட்டிலேயே நிறுத்தி மெமோ கொடுத்தார்கள். சஸ்பென்ஷன், விசாரணை, அதன்பின் வேலை இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாய் திறப்பதற்கு இடமே வைக்கவில்லை. அன்றே சுங்கம், கப்பல் கம்பெனிகள், வங்கி தவிர மற்ற எல்லாத் தளங்களையும் அடைத்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன் என்று எல்லா மெஷினிலும் பிரவுசரைத் துடைத்து, சேமித்து வைத்திருந்த லாகின்களையும் அழித்தேன். லைன் பறந்தது. ஜி.எம். போனில் கூப்பிட்டு “சபாஷ்” என்றார்.

3. பெட்டி எங்கே

பதினொரு மணிக்குள் யார்டில் சத்தம் அடங்கிவிட்டது. ஜன்னல் இல்லாத அறையிலேயே அது எனக்குத் தெரிந்தது. எப்போதும் காலடியில் லேசாக ஒரு அதிர்வு இருக்கும், அது நின்றுபோயிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். வெயிலில் பெட்டிகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக அசையாமல் நின்றன. டிரெய்லர்கள் கேட்டுக்கு வெளியே வரிசைகட்டிச் சாலை வளைவுவரை போயிருந்தன. கடல் தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் எனக்கு அது அழகாகக்கூடப் பட்டது. அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பெட்டி தூக்கும் ராட்சத மெஷினை ஓட்டுபவர் ஏழுமலை. மெஷினை அணைத்துவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“இன்னா அண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?”

“இன்னாத்த எடுக்க சொல்ற நைனா? எந்தப் பொட்டி எங்க கீதுன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? ஸ்டெல்லாம்மா வாக்கிடாக்கில சொல்லும், நான் எடுப்பேன். அவங்கள வூட்டுக்கு அனுப்பிட்டு என்னாண்ட கேட்டுகினு கீறீங்க.”

“நம்ம சாஃப்ட்வேர்ல இருக்குமே?”

ஏழுமலை சிரித்தார். “அத்துல பிளாக் மூணுன்னு போட்டிருக்கும். பிளாக் மூணுல நூத்தம்பது பொட்டி கீது. அடில கீறத எடுக்க மேல கீறத நவுத்துவேன், ஒரு நாள்ல நாலு தபா. அதையெல்லாம் எழுதி வெக்கிறது அந்தம்மா ஷீட்டுதான். கேட்டுல, எடை மேடைல, எங்க பாத்தாலும் அந்த ஷீட்டுதான் தொறந்து கீது.”

எடை மேடைக்கு ஓடினேன். அங்கிருந்தவரும் அதையேதான் சொன்னார். ஸ்டெல்லா எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வருவார். கேட், எடை மேடை, அவர் இருக்கை என்று மூன்று மெஷினிலும் தன் பெயரிலேயே நுழைந்து ஷீட்டைத் திறந்துவைப்பார். மாலைவரை யாரும் அதை மூடுவதில்லை.

அந்த ஷீட் இருந்தது, ஸ்டெல்லா பெயருக்கு எதிரே தினமும் விழுந்த அதே வெளிநாட்டுத் தளத்தில்தான். காலையில் அடைத்த அதைத் திறந்துவிட்டேன். பக்கம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. காலையில் நானே லாகின்களை அழித்திருந்தேனே. பாஸ்வேர்டு ஸ்டெல்லாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஜி.எம். அறையில் இரண்டு போன்களும் மாறி மாறி அடித்தன. அன்று மாலைக் கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளே இருபதுக்கு மேல். “போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறா. நீ நேர்ல போ. பாஸ்வேர்டை மட்டும் வாங்கிட்டு வா. வேற ஒண்ணும் பேசாதே” என்றார்.

4. மின்விசிறி துடைத்த பெண்

பஸ் டோல்கேட்டில் நின்று நின்று போயிற்று. நாற்பது வண்டிகள் வெயிலில் காத்திருக்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்டெல்லா என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று வசனம் எழுதிக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். திரும்பி நடந்தேன். ராயபுரத்துச் சந்துகளில் மதிய வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும், கடலிலிருந்து பட்டுத் திரும்புவதாலோ என்னவோ. கோயில் மணி அடித்தது. துவைத்த துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்ததில் எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

ஸ்டெல்லா ஸ்டூல் மேல் நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

“வாங்க சார். வூடு கலீஜா கீது, கண்டுக்காதீங்க.”

வழியெல்லாம் எழுதிய வசனம் ஒன்றும் வரவில்லை. “ஷீட்டோட பாஸ்வேர்டு வேணும்மா” என்றேன்.

அவர் இறங்கவில்லை. “எத்தினி வண்டி நிக்குது?”

“நாற்பது இருக்கும்.”

இறங்கினார். கையைத் துடைத்தார். தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு பேனா தேடினார். தேடியபடியே பேசினார்.

“கேளிக்கை பண்ணேன்னு மெமோல எழுதி கீது சார். அம்மா ரெண்டு தபா படிக்கச் சொன்னாங்க. கேளிக்கைன்னா இன்னாடின்னு கேட்டாங்க. இன்னான்னு சொல்றது? எங்கப்பா ஹார்பர்ல முப்பது வருசம் வேலை பாத்தவரு. ஒரு மெமோ வாங்கினது கெடையாது.”

“ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை திறந்ததா லாக்ல…”

“ஆறாயிரமா? காலைல ஒரு தபா தொறப்பேன். சாய்ந்திரம் ஒரு தபா மூடுவேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதிரி ஷீட் திறந்திருக்கும்வரை பதினைந்து நொடிக்கு ஒரு முறை தானாகவே தன் சர்வரைக் கூப்பிட்டுப் புதுசு ஏதாவது உண்டா என்று கேட்கும். மூன்று மெஷின், ஒன்பது மணி நேரம். அந்தக் கணக்கைச் சர்வர் ரூமிலேயே போட்டிருக்கலாம், பேப்பரும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. மெஷின் மெஷினைக் கூப்பிட்டதையெல்லாம் ஒரு பெண்ணின் விரல் என்று நான் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

“வெளி சைட்டுக்கு நான் ஆசப்பட்டா போனேன்?” என்றார் ஸ்டெல்லா. “நம்ம சர்வர்ல ஷீட்டை ஒருத்தர் தொறந்தா இன்னொருத்தருக்கு எழுத வரல, ரீட்-ஒன்லின்னு வருதுன்னு உங்களுக்கு மூணு தபா எழுதிக் குட்த்தேன். மூணு தபாவும் ‘நோட்டட்’னு கையெழுத்து போட்டு அனுப்பினீங்க.”

ஞாபகம் வந்தது. கையெழுத்து மட்டும்தான் ஞாபகம் வந்தது. எதற்குப் போட்டேன் என்பது வரவில்லை. எந்தக் கனவில் இருந்தேனோ.

பேனா கிடைத்தது. எழுதி நீட்டினார். “இத்த குட்த்துட்டா நான் தேவையில்லைன்னு எனக்குத் தெரியும் சார். வண்டிக்காரங்க இன்னா பாவம் பண்ணாங்க, வெயில்ல நின்னுகினு கீறாங்க.”

தாளைச் சட்டைப் பையில் வைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பினேன்.

“கிளம்புங்கம்மா. என்கூட வாங்க.”

“கேட்ல வுடமாட்டாங்க சார்.”

“அது என் பாடு” என்றேன். அந்த மாதிரி நான் யாரிடமும் பேசியதில்லை.

5. விரலுக்குத்தான் தெரியும்

ஸ்டெல்லாவைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு ஜி.எம். அறைக்குள் போனேன்.

“வாங்கிட்டியா?”

“சொல்லத் தெரியலையாம் சார். வருஷக்கணக்கா அடிச்சுப் பழகினது. விரலுக்குத்தான் தெரியும், வாயால வராதாம். அவங்க சீட்ல, அவங்க கீபோர்டுல உட்கார்ந்தாத்தான் வரும்.”

“என்னய்யா கதை விடறே?”

பையில் காலண்டர் தாள் நெஞ்சில் உரசியது. என் வேலை வாழ்க்கையில் மேலதிகாரியிடம் நான் சொன்ன ஒரே பெரிய பொய் அது. இத்தனை வருடம் கனவு கண்டதற்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. அடுத்ததாக உண்மையையும் சொன்னேன். ஆறாயிரம் எப்படி வந்தது, ‘நோட்டட்’ எப்படிப் போட்டேன், எல்லாவற்றையும். “ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுது” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஜி.எம். என்னை நிமிர்ந்து பார்த்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. “வரச் சொல்லு.”

“சஸ்பெண்ட் ஆன ஆளை உள்ளே விடக் கூடாதுன்னு கேட்ல உங்க ஆர்டர் இருக்கு சார். மெமோவை வாபஸ் வாங்கினாத்தான் விடுவாங்க.”

பேனாவை மேஜையில் தட்டினார். பிறகு வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெல்லா தன் இருக்கையில் உட்கார்ந்தார். “திரும்பிக்கோங்க சார்” என்றார். பாஸ்வேர்டு என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவப்பு, நீலம், பச்சை. அவர் வாக்கிடாக்கியை எடுத்து, “ஏழுமலைண்ணே, மூணாவது பிளாக்கு, நாலாவது வரிசை, அடிப்பொட்டி. மேல கீற ரெண்டையும் அஞ்சுல வெய்ங்க” என்றார். அடுத்த நிமிடம் என் காலுக்கடியில் தரை அதிர ஆரம்பித்தது. அத்தனை வருடம் நான் மனதில் கட்டி வைத்திருந்த கடற்கரை ஊர் அந்த ஷீட்தான். கனவைவிட அது நன்றாகவே இருந்தது.

கப்பலுக்கு எல்லாப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்தன. மாலையில் காலண்டர் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டை மாற்றினார். புதியதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஜி.எம்.மின் பீரோவில் வைக்கக் கொடுத்தார்.

“எனக்கும் ஒரு காப்பி கொடுத்தா நல்லதும்மா. நான்தானே சிஸ்டம் பார்க்கிறவன்” என்றேன். அவருக்காகப் பொய் சொன்னவன் என்ற உரிமையும் அதில் இருந்தது.

“அதான் சார் வேணாம்” என்றார் ஸ்டெல்லா. “பாக்குற ஆளு கையில சாவியும் இருக்கக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. டோல்கேட் தாண்டும்வரை கோபமாகவே இருந்தேன். அதற்குள் அவர் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. எல்லோர் லாகையும் பார்க்கிற என்னிடமே சாவியும் இருந்தால், என்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மறுநாள் வெளி சைட்களுக்கு விதிமுறைகள் எழுத உட்கார்ந்தேன். யார் பெயரும் ரிப்போர்ட்டில் ஏறுவதற்கு முன் அவர் நாற்காலிப் பக்கம் போய், இது என்ன என்று கேட்க வேண்டும். எந்தத் தளத்தை அடைப்பதானாலும் ஒரு வாரம் முன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டெல்லா சொன்னதை முதல் விதியாக எழுதி, பக்கத்திலேயே அவர் பெயரையும் போட்டேன். ஜி.எம். படித்துப் பார்த்து, விதியை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

அந்த விதி அங்கே இன்னும் நடைமுறையில் இருப்பதாகக் கேள்வி. அதைச் சொன்னது யார் என்று இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. ஸ்டெல்லா மேரி சொன்னார், யார்டு பிளானிங் கிளார்க்.