கூடைக் கல் நின்ற மேடு

வெய்சல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துக் கிடந்த வருடம், அவன் மனைவி ஸுஹ்ரேவின் பிஸ்தா மரங்களுக்கு யாரோ விடியுமுன் அடிமண் கொத்திவிட்டுப் போயிருந்தார்கள். வேர் அறுபடாமல், களை ஒன்று விடாமல், வெகு சுத்தமான வேலை. மறுநாள் அவள் இருட்டோடு எழுந்து போய்ப் பார்த்தாள். மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு மெமிக் உஸ்தா வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, இந்நேரத்துல இங்க?"

"கழுதையத் தேடி வந்தேன் தங்கச்சி."

"கழுதையா என் தோட்டத்தைக் கொத்துச்சு?"

"அது ஒரு மாதிரியான கழுதை" என்றார். திரும்பிப் பாராமல் சரிவில் இறங்கிப் போய்விட்டார். வெய்சல் எழுந்து நடமாடும் வரைக்கும் அந்தக் கழுதை தினமும் காணாமல் போனது.

ஊரில் கிணறு வெட்டுவதும் கபர்க்குழி தோண்டுவதும் மெமிக்தான்; உஸ்தா என்றால் கைதேர்ந்த வேலைக்காரர். ஃபிராத் ஆற்றங்கரைச் சரிவு முழுக்க ரோமர்களின் நகரம் புதைந்து கிடந்தது. எங்கே தோண்டினாலும் அவர்கள் வீட்டுச் சுவரோ தரையோ முதலில் மண்வெட்டியில் தட்டும். அகழாய்வுக்காரர்கள் வந்தபோது முதலில் கூலிக்குக் கூப்பிட்டதும் அவரைத்தான். "இத்தனை வருஷமா இவங்க கூரை மேலதான் நடந்துட்டு இருந்தேன். இப்பத்தான் உள்ள வான்னு கூப்பிடுறாங்க" என்பார்.

கபரின் தலைமாட்டில் நடுகிற மீசான் கல்லுக்கு அந்த ஊரில் யாரும் காசு கொடுத்ததில்லை. செதுக்கிய பழைய கற்கள் சரிவில் எத்தனையோ கிடந்தன. கழுகு செதுக்கிய கல் ஆணுக்கு, கூடை செதுக்கிய கல் பெண்ணுக்கு. ரோமர்களும் அப்படித்தான் வைத்தார்களாம். அது தெரியாமலே ஊரார் தலைமுறை தலைமுறையாக அதையே செய்து வந்தார்கள். ஸுஹ்ரேவின் மகள் செஹெர் மூன்று வயதில் காய்ச்சலில் மவுத்தானபோது, மெமிக் சின்னதாக ஒரு கூடைக் கல்லைத் தேடி எடுத்து வந்து தலைமாட்டில் நட்டார். பெயர் எழுதவில்லை. அந்த மேட்டில் அடங்கிய ஒருசில பிள்ளைகளில் யாருக்கும் பெயர் எழுதுகிற வழக்கமில்லை. கல்லும் பக்கத்து மரமும்தான் அடையாளம். பெருநாள்தோறும் ஸுஹ்ரே அங்கே போய் மிட்டாய் வைத்துவிட்டு வருவாள்.

பிறகு அணை வந்தது. ஊரே மேலே புது இடத்துக்குக் குடிபோனது. கீழ்க் கபர்ஸ்தானில் இருந்த பெரியவர்களை இமாம் முன்னிலையில் எடுத்து மேலே கொண்டுபோய் அடக்கினார்கள். பிள்ளைகளின் மேடு உயரத்தில்தானே இருக்கிறது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வசந்தகால மழையும் சேர்ந்துகொள்ள, தண்ணீர் சொன்ன நாளுக்கு முன்பே ஏறிவிட்டது.

இன்று அந்தி மக்ரிபுக்குள் மேடு முழுகிவிடும் என்று காவலாளி வந்து சொன்னபோது ஸுஹ்ரே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி அடுப்பிலேயே கருகட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேட்டில் மரம் இல்லை. வீணாக முழுகுவானேன் என்று, முந்திய வாரம்தான் டிராக்டரைக் கட்டி எல்லாவற்றையும் விறகுக்காக வேரோடு பிடுங்கியிருந்தார்கள். கல்லும் இல்லை. கண்ட இடமெல்லாம் குழி, சக்கரத் தடம். பழுப்பு நிறத் தண்ணீர் மேட்டின் காலடியை நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து அகழ்குழியில் மெமிக்கும் அவரோடு கூலி வேலை செய்கிற ஹம்ஸாவும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் நெஸ்ரின் அம்மா, ஊர்ப் பேச்சில் ஹனும், கரையில் நின்று அவர்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, என் பிள்ளை கல்லு எங்க?"

மெமிக் குனிந்து கட்டுக் கயிற்றை இறுக்கினார். ஹம்ஸாதான் சொன்னான். "கல்லா? செதுக்கின கல்லு ஒண்ணு விடாம மியூசியம் வண்டியில ஏத்தியாச்சே. நம்ம உஸ்தா கண்ணுல பட்டா அம்மிக்கல்லு கூடத் தப்பாது."

"நீ சும்மா இருடா" என்றார் மெமிக். ஸுஹ்ரேவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான்தான் தூக்கினேன். கவுந்து கிடந்துச்சு. வண்டியில போடுறப்போ கூடையப் பார்த்தேன் தங்கச்சி. நானே நட்ட கல்லு. எனக்கே உறைக்கல."

ஸுஹ்ரே மேட்டைச் சுட்டிக்காட்டினாள்.

"திட்ட வேண்டியதை அப்புறமாத் திட்டிக்கிறேன். இப்ப இடத்தைக் காட்டுங்க."

மெமிக் மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து மேல்மண்ணைச் சீவத் தொடங்கினார். மரம் பிடுங்கிய குழி வட்டமாக இருக்கும். கபர் நீளமாக, பிள்ளையின் முகம் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கிற வாட்டத்தில் இருக்கும். செம்மண்ணில் கறுப்பாக ஒரு தடம் தெரிய வேண்டும். சீவினார், நகர்ந்தார், மறுபடி சீவினார். தண்ணீர் ஒரு முழம் ஏறியது. ஸுஹ்ரேவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன.

"உஸ்தா, போதும்" என்றாள் நெஸ்ரின். "மண்ணு ஊறிப்போச்சு. தோண்டினீங்கன்னா கரை உங்க மேலேயே சரியும். நான் விடமாட்டேன்."

"ஹனும், உங்க வேலை அந்தக் குழியோட முடிஞ்சுது. இது என் வேலை."

நெஸ்ரின் கரை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். "விரிசலை நான் பார்த்துக்கிறேன். ஏறுன்னு சொன்னா ஏறிடணும்."

தடம் கிடைத்தது. ஆனால் ஒன்றில்லை. மூன்று, பக்கத்தில் பக்கத்தில், எல்லாமே ஒரு சின்னப் பிள்ளையின் நீளம்.

"மத்த ரெண்டும் யாரு?" என்றாள் ஸுஹ்ரே.

"எனக்கு முந்தி தோண்டினது. பருத்தி எடுக்கப் போய் அப்படியே அங்க தங்கிட்ட சனங்களோட பிள்ளைங்களா இருக்கும். தேடி வர ஆளில்ல." மெமிக் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணை எடுக்கத்தான் நேரம் இருக்கு. எதுன்னு நீ சொல்லு."

பெற்றவளுக்குத் தெரிந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மனசு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றும் வெறும் மண்ணாகத்தான் தெரிந்தன. யா அல்லாஹ், என்று கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது அவள் கை துணியைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"மூணையும் எடுங்க."

"நேரம் இல்லன்னு சொல்றேனே."

"அப்பப் பேசிட்டு நிக்காதீங்க. எனக்கொரு மண்வெட்டி குடுங்க."

ஹம்ஸா வாயிலிருந்த சிகரெட்டைத் துப்பிவிட்டுக் குதித்தான். "நீ துணியப் பிடி அக்கா. இடுப்புல பலமில்லாத இந்தக் கிழவருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு."

"கிழவன் யாருன்னு பார்த்துடலாம்" என்றபடி மெமிக் பிஸ்மில்லாஹ் சொல்லி மண்ணில் இறங்கினார்.

முதலாவது வந்தது. இரண்டு கையில் அடங்குகிற அளவுதான். ஸுஹ்ரே துணியில் வாங்கி முடிந்தாள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மெமிக் முழங்கால்வரை சேற்றில் நின்றபோது நெஸ்ரினின் குரல் கேட்டது. "ஏறுங்க உஸ்தா."

"கொஞ்சம் இருங்க."

"ஏறுங்கன்னா ஏறுங்க."

கரை சத்தமே இல்லாமல் சரிந்தது. இடுப்புவரை மண் மூடியது. தண்ணீர் பின்னாலேயே வந்தது. மெமிக் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். தன்னைத் தூக்கிவிடச் சொல்லி அவர் அப்படி நிற்பதாகத்தான் ஹம்ஸா முதலில் நினைத்தான். "இதை வாங்குடா முதல்ல" என்று அவர் அதட்டிய பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தான். ஸுஹ்ரே மண்டியிட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு ஹம்ஸாவும் நெஸ்ரினும் கயிறு போட்டு அவரை இழுத்தார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

மக்ரிப் பாங்குக்குச் சற்று முன்னால் மூன்று முடிச்சுகளையும் மேலே புதுக் கபர்ஸ்தானில் அடக்கினார்கள். இமாம் ஒன்றும் கேட்கவில்லை, துஆ மட்டும் நீளமாகச் செய்தார். கூடைக் கல்லைத் திருப்பித் தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதட்டுமா என்றாள் நெஸ்ரின். ஸுஹ்ரே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். மூன்றில் எது ஆண், எது பெண் என்று யாருக்குத் தெரியும்? மெமிக் ஆற்றோரம் பொறுக்கிய வழவழப்பான கற்களை வரிசையாக நட்டார்.

புது ஊரில் குழாய்த் தண்ணீர். கிணறு வெட்ட யாரும் கூப்பிடவில்லை. அன்று நசுங்கிய இடுப்பும் அவருக்குச் சரியாகவில்லை. நோன்பு மாதத்தின் கடைசியில் மெர்சினில் இருக்கிற மகன் வந்து கூட்டிப்போனான். ஸுஹ்ரே பிஸ்தாவும் ரொட்டியும் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். ஹம்ஸா அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தான். பஸ் நகரத் தொடங்கியபோது மெமிக் ஜன்னலைத் தள்ளித் திறந்து தலையை நீட்டினார்.

"பெருநாளைக்குப் பிள்ளைகிட்டப் போறப்ப மிட்டாயை மூணாப் பிரிச்சுக் கொண்டு போ தங்கச்சி. ஒண்ணுக்கு மட்டும் குடுத்தா, மத்த ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்."