அக்காவின் மேசையில் இருந்த பூட்டு

அக்காவின் உயிர் பிரிந்தபோது அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: தம்பியாகிய நான். என் மனைவி. அக்காவிடம் படித்து டாக்டரான வாணி. எதிர்வீட்டு மருந்துக்கடை பாஷா பாய். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்த கெங்கம்மா.

கடைசிப் பெயர் உறவுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. சாவுக்கு வந்தவர்கள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா யார் என்று கேட்டார்கள். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா வாங்கிய பட்டங்களையும் எழுதிய கட்டுரைகளையும் பற்றி அவருடைய கல்லூரிக்காரர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. வாணி எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

அக்கா இதே ஊரில் பிறந்தார். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மாவும் அக்காவும் கிரிவலப் பாதையில் கூடை வைத்து அவித்த மல்லாட்டை விற்பார்கள். விற்காமல் மீந்தால் எங்களுக்கு அதுதான் சாப்பாடு. அக்கா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்தது. அது இளைத்துக்கொண்டே போனது. தீட்டுப் பட்டு சீர் தட்டிவிட்டது என்றார்கள். மந்திரித்தார்கள். தாயத்து கட்டினார்கள். பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. நான் அப்போது பிறக்கவில்லை. அக்காவுக்கு விவரம் தெரிந்த வயது. அந்தக் குழந்தையைப் பற்றி அக்கா யாரிடமும் பேசியதில்லை.

அக்காவோடு டாக்டருக்குப் படித்தவர்கள் மேலே ஆபரேஷன், பிரசவம் என்று படிக்கப் போனார்கள். அக்கா பொது சுகாதாரம் எடுத்தார். அப்பாவுக்கு அது புரியவில்லை.

"ஊசி போடாத டாக்டரா? கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

"நோவு வர்றதுக்கு முன்னாடியே போற டாக்டர்னு சொல்லுப்பா."

"முன்னாடியே போனா எவன்மா காசு குடுப்பான்?"

அப்பா சொன்னது சரிதான். கூடப் படித்தவர்கள் பங்களா கட்டினார்கள். அக்கா கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை கிடைத்தால் கிராமம் கிராமமாகப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரம் இல்லை என்றார். அது பொய் இல்லை.

பிறந்த குழந்தைகள் முதல் வருஷத்தில் எப்படி வளர்கின்றன, எந்த மாதத்தில் நின்றுபோகின்றன என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. அதற்கு மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களையே எடுத்துக்கொண்டார். என் ஆட்டோவில் போவோம். தராசைத் தூக்குவதும் உத்திரத்தில் கட்டுவதும் என் வேலை.

அது கொக்கி போட்ட வட்டத் தராசு. முள் சுற்றும். கொக்கியில் ஒரு பை இருக்கும், பிள்ளையை அதில் போட்டு மாட்ட வேண்டும். தாய்மார்கள் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி அக்காவின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"கறிக்கடையில தொங்கவுடற மாதிரி எம்புள்ளைய தொங்கவுட வந்தியா?"

அந்த வருஷம் தீபத் திருவிழாவுக்கு அக்கா வந்திருந்தார். மாட வீதியில் கரும்புத் தொட்டில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் புடவையைக் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டுக் கோயிலைச் சுற்றி வருகிற வேண்டுதல் அது. அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "அந்தப் பைய தூக்கிப் போட்டுடு" என்றார்.

அதன் பிறகு கொக்கியில் தாயின் புடவையையே தூளியாக மாட்டினோம். முதலில் வெறும் புடவையை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புவார். அப்புறம் தாயே பிள்ளையைப் போடுவாள். தாயே எடுத்துக்கொள்வாள். நாங்கள் பிள்ளையைத் தொட மாட்டோம். இது அக்கா வைத்த சட்டம். அந்நியர் கை படவில்லை என்றதும் கதவெல்லாம் திறந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்து, நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அக்காவுக்குப் பெரிய பதவி வரும் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள்.

கெங்கம்மாவின் பிள்ளை ஏழுமலை. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனையும் கரும்புத் தொட்டிலில் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள். மாதாமாதம் அவன் எடை கொஞ்சம் கொஞ்சம் கூடியது. கடைசியாகப் போனபோது, அதற்கு முந்தைய மாதத்தைவிட இருநூறு கிராம் கூடக் காட்டியது. தூளிக்குள் முகம் மட்டும்தான் தெரியும். வாணி அப்போது படிக்கிற பெண். திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், அந்தப் பையன் முகம் ஒட்டிப்போன மாதிரி இருந்துச்சு."

"முள்ளு இன்னா சொல்லிச்சு?"

"கூடியிருக்கு மேடம்."

"கண்ணு பொய் சொல்லும் வாணி. முள்ளு சொல்லாது."

வகுப்பிலும் அக்கா இதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை போவதற்குள் ஏழுமலை இறந்துவிட்டான். வயிற்றுப்போக்கு. தாங்கவில்லை. கேள்விப்பட்டு அக்காவும் நானும் போனோம். அடக்கம் முடிந்திருந்தது. தூளி உத்திரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது, கெங்கம்மாவின் புருஷன் எழுந்து போய் அவிழ்த்தார். புடவையிலிருந்து ஒரு பழைய இரும்புப் பூட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

பிள்ளை படுக்கிற இடத்தில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. காத்து கருப்பு அண்டாது என்பார்கள். எனக்கும் வைத்திருப்பார்கள். அக்காவுக்கும் வைத்திருப்பார்கள். அக்கா அந்தப் பூட்டைக் கையில் எடுத்தார். பிறகுதான் கேட்டார்.

"எடை போடறப்பவும் இது உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எப்பவுமே இதுதானா?"

"மொதல்ல ஊக்குதான் வெச்சேன். அப்பால சாவி. புள்ள எளைக்க எளைக்க எனக்குப் பயம் ஜாஸ்தியாயிடுச்சு. கடைசி மாசம் பூட்ட வெச்சேன்."

"எடை போடற நேரத்துல மட்டுமாவது எடுத்துருக்கலாமே கெங்கம்மா."

"அப்பதானம்மா எடுக்கக் கூடாது. அந்தக் கொக்கியில ஒண்டியா தொங்குதே."

அக்கா பூட்டைக் கீழே வைத்துவிட்டுக் கெங்கம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். தூளியில் என்ன நடந்தது என்று அந்த அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னார். பிள்ளை இறங்கிக்கொண்டே போயிருக்கிறான், இரும்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, முள் இரண்டையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. தெரிந்திருந்தால் அவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருப்பேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "உம்மேல தப்பு இல்ல. புள்ளைய நான் தொட்டுப் பாக்கலை" என்றார்.

இதைச் சொல்லாமலே அக்கா வந்திருக்கலாம். நான்கூட வெளியே இருந்து வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். சொன்னார்.

கெங்கம்மா அழவில்லை. பூட்டை அக்காவின் பக்கம் தள்ளினார்.

"இத எடுத்துனு போயிடு. எங்கண்ணுல பட வேணாம்."

அக்கா எடுத்துக்கொண்டு வந்தார்.

கல்லூரியில் அக்காவுக்கு மேலே இருந்தவர் நல்ல மனிதர். அக்காவுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். கதவு திறந்திருந்தது. நான் தராசை வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன்.

"தாய்மார்களோட மூடநம்பிக்கையால எடை கெட்டுப்போச்சுன்னு எழுதிடுங்கம்மா. உங்க பேர் தப்பிச்சிரும்."

"அவங்க எதையும் மூடலை சார். நான்தான் தொறந்து பாக்கலை."

அளந்த முறை தப்பு, அந்த முறையைக் கண்டுபிடித்தது நான் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். அதுவரை எடுத்த எடையெல்லாம் வீண் என்று ஆனது. பாராட்டியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. பேராசிரியை என்ற பெயர் அக்காவுக்கு முடி நரைத்த பிறகுதான் வந்தது.

நாங்கள் பழையபடி ஒவ்வொரு வீடாகப் போனோம். இந்தத் தடவை பிள்ளையின் துணியைக் கழற்றச் சொல்லி, அக்காவே கையில் வாங்கி, முதுகையும் தொடையையும் தடவிப் பார்த்துவிட்டு வெறும் தூளியில் போட்டார். பூட்டும் சாவியும் அரிவாள் துண்டும் எத்தனையோ தூளியிலிருந்து வந்தன. முள் கூடியதாகக் காட்டிய பிள்ளைகளில் சிலது எலும்பாக இருந்தது. என் ஆட்டோவிலேயே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சில பிள்ளைகள் பிழைத்தன. எல்லாம் இல்லை.

இரும்பை எடுக்க மாட்டேன் என்று நிறைய பேர் சண்டைக்கு வந்தார்கள். கெங்கம்மாவின் தெருவிலேயே ஒரு பெண் பிள்ளையைத் தர முடியாது என்று உள்ளே போய்விட்டாள். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கெங்கம்மா எங்களைப் பார்க்காமல் நேராக உள்ளே போனார்.

"குடுடி அந்த இரும்ப. நான் கையில புடிச்சினு புள்ள பக்கத்துலயே நிக்கறேன். எது வந்தாலும் எங்கிட்ட வரட்டும்."

அந்தப் பெண் கொடுத்தாள். கெங்கம்மா அப்படிச் சொன்ன பிறகு யாரால் மறுக்க முடியும்.

அதிலிருந்து எடை போடும்போது இரும்பை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது வழக்கமாகிவிட்டது. பல ஊர்களுக்குக் கெங்கம்மாவே வந்தார். என் ஆட்டோவில் முன்னால் என் பக்கத்தில் உட்காருவார். பின்னால் அக்கா பக்கத்தில் உட்கார மாட்டார். எங்கள் வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஒருதரம் அக்காவிடம் சொன்னார்.

"உம்மேல கோவம் போவலை டாக்டரம்மா. போவும்னு நான் வரலை."

அக்கா, "தெரியும்" என்றார். வண்டியை எடுக்கச் சொன்னார்.

பூட்டு அக்காவின் கல்லூரி மேசையில் இருந்தது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார் என்று நினைப்பார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் அதைக் கையில் கொடுத்து, ஏழுமலையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பாடம் ஆரம்பிப்பார். முள்ளைப் பற்றிச் சொன்ன பழைய பேச்சைப் பிறகு சொன்னதே இல்லை. நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று பெரியப்பா மகன் கேட்டார். அக்காவே வருஷாவருஷம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் அக்காவுக்கு உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை. வாரம் ஒருதரம் தன்னை எடை பார்க்கச் சொல்வார். குறைந்துகொண்டே வந்தது. நான் ஒருநாள் கூட்டிச் சொன்னேன். "தம்பி, எனக்கேவா?" என்றார். பிறகு அப்படிச் சொல்லவில்லை.

என் மனைவி பயந்துபோய்த் தலையணைக்குக் கீழே ஒரு கத்தியை வைத்திருந்தாள். அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"எடை போடறப்ப மட்டும் எடுத்துடும்மா. இல்லன்னா உன் வீட்டுக்காரன் நான் தேறிட்டேன்னு கணக்கு எழுதிடுவான்."

"நீங்க சும்மா இருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கெங்கம்மா பஸ் ஏறி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வந்தவர் போகவில்லை. அக்காவைத் துடைத்துவிட்டார், புரட்டிப் படுக்கவைத்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அக்கா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அவரிடம்தான்.

"கெங்கா, கோவம் போச்சா?"

"கொஞ்சம் கீது."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை அக்கா போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள். கேட்ட நேரத்துக்கெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டிய பாஷா பாய். அன்றைக்குக் கடை திறக்காமல் பாடையோடு சுடுகாடு வரை நடந்தார். வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டர் வாணி. பந்தல் போட்டு, வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட எங்கள் தெருக்காரர்கள். தூரத்திலிருந்து வந்த அக்காவின் மாணவர்கள். பிள்ளைகளைக் கையில் கொடுத்த தாய்மார்கள். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

பூட்டைக் கெங்கம்மாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் அக்கா. சுடுகாட்டில் பால் தெளித்து வந்த பிறகு கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எவ்ளோ கனம்னு டாக்டரம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல. நானும் கேக்கலை. அந்தத் தராசு கீதா?"

இருந்தது. உத்திரத்தில் கட்டினேன். கெங்கம்மா பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார். வெறும் புடவையை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். அவரே பூட்டை உள்ளே வைத்தார். கடைசி மாதம் ஏழுமலைக்குக் கூடியதாக முள் காட்டியது இருநூறு கிராம். முள் நிற்கும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நானூறு கிராம்.