ஃபவாஸின் பெருநாள் சட்டை

எண்ணூர் நெடுஞ்சாலையை ரோடு என்று சொல்லவே நாக்கு கூச வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வாலும் தலையுமாக நிற்கும். நடுவில் கிடைக்கிற சந்தில்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஒரு உயிர் போனால் ஒரு நாள் மறியல். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

அந்தச் சந்தில்தான் இஷ்ரத்தின் தம்பி ஃபவாஸ் போனான். லாரிக்கு இடது பக்கம் சைக்கிளில் காலூன்றி நின்றிருந்தான். லாரி இடது பக்கமே திரும்பியது. ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்து, "அந்தப் பக்கம் எனக்குத் தெரியவே இல்லம்மா" என்று அவன் அம்மா ரசூல் பீவியிடம் அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதெல்லாம் ஒரு பதிலா? ஆனால் பக்கத்தில் நின்ற இஷ்ரத்தின் நெஞ்சில் அந்த வார்த்தை தங்கிவிட்டது.

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் அது. ஃபவாஸுக்குத் தைக்கக் கொடுத்திருந்த பச்சைக் கட்டம் போட்ட புதுச் சட்டையை, அடக்கம் முடிந்த பிறகுதான் டெய்லர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் ரசூல் பீவி மகனுடைய துணிகளையெல்லாம் மதரஸா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் போட்டே பார்க்காத அந்தச் சட்டையை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அத்தர் தடவி பீரோவில் வைத்தாள். அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் அந்த வீட்டுக்குள் லாரி என்ற பேச்சே எழுந்ததில்லை.

இஷ்ரத் படித்தாள். முட்டிமோதிப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அங்கே ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற வண்டி செய்யும் மாணவர் கிளப் ஒன்று இருந்தது. அதன் தலைவன், கடைசி வருஷம் படிக்கிற ஜோபின், சேர வந்தவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டான். ஒருவன் வெளிநாட்டு வேலை என்றான், ஒருத்தி போட்டிப் பரிசு என்றாள். இஷ்ரத், "பக்கத்துல ஆள் நின்னா தெரியற வண்டி செய்யணும்" என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் லேப் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் போனாள்.

பழைய பேட்டரி வண்டி ஒன்றுக்குக் கண்ணும் மூளையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். குறுக்கே பிள்ளை வந்தால் நிற்கிறதா என்று பார்க்கச் சாக்கில் ஒரு பொம்மை கட்டினார்கள். கேமரா அந்தச் சாக்கை மனுஷ ஜென்மமாகவே மதிக்கவில்லை. "யார் வீட்டிலயாவது சின்னப் பையன் சட்டை இருந்தா கொண்டுவாங்க" என்றான் ஜோபின்.

இஷ்ரத்தின் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு நாள்தானே, மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்துப் போனாள், பாவி மகள்.

சட்டை போட்ட பொம்மைக்கு எதிரே வண்டி அழகாக நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். இஷ்ரத்தின் கை எழவில்லை. பொம்மையைத் தூக்கிப்போய், வண்டி திரும்பும் இடத்தில் இடது பக்கமாக நிறுத்தினாள்.

"போட்டியில அப்படி ஒரு சோதனையே இல்லையே இஷ்ரத்" என்றான் ஜோபின்.

"எங்க ஏரியால கீது" என்றாள். கல்லூரியில் அதுவரை அவள் விழுங்கி வைத்திருந்த தண்டையார்பேட்டைப் பேச்சு அது.

நிற்கும் என்றுதான் நம்பினாள். வண்டி திரும்பியது. பின்சக்கரம் பச்சைக் கட்டத்தின்மேல் ஏறி இறங்கியது.

"யாரோட சட்டை?" என்று ஜோபின் மெல்லக் கேட்டான்.

"என் தம்பியோடது. அவனும் இப்படித்தான் போனான்."

ஜோபின் அங்கேயே மண்டிபோட்டு, அந்தப் பக்கமும் ஒரு கண் வைக்க வண்டியின் இடது பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

வீட்டுக் குழாயடியில் எவ்வளவு சோப்பு போட்டாலும் டயர் கறை போகவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரசூல் பீவி வந்தாள்.

"இன்னாடி தேச்சிகினு கீற?"

சட்டையைப் பிடுங்கி விரித்தாள். கறுப்புத் தடத்தின்மேல் விரலை ஓட்டினாள். "யா அல்லா! எந்த வண்டிடி இது?"

இஷ்ரத் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆள் ஓட்டுன வண்டியே நிக்கல. ஆளில்லாத வண்டி நிக்குமா?"

"முன்னாடி நின்னா நிக்கிதும்மா."

"அவன் எங்கடி முன்னாடி நின்னான்?"

"அதான் இடது பக்கமா வெச்சேன்."

"நின்னுச்சா?"

"இல்லம்மா. ஏறிடுச்சி."

ரசூல் பீவி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷம் அழாத அழுகையை எல்லாம் அழுதாள். கண் வற்றியதும் எழுந்துபோய் ஊசி நூல் எடுத்து வந்து, பிய்ந்து தொங்கிய பொத்தானைத் தைத்தாள். கறையை மட்டும் தொடவில்லை. மடித்து மகள் கையில் வைத்தாள்.

"இந்தா. நிக்கிற வரைக்கும் எடுத்துக்கினு போ. நின்ன அன்னிக்கி என்னாண்ட குடு, நான் தோய்ச்சிக்கிறேன்."