சங்கிலி இல்லாத நங்கூரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பக்கிள், நூல், பசை, ஊசி எதுவானாலும் என் கைவழியாகத்தான் உள்ளே வரும். சாமான் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றொரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்போடுதான் ஒருநாள் சென்னைக் காசிமேட்டில் ஒரு நங்கூரம் வாங்கினேன்.

வாங்கிவரச் சொன்னவன் என் நண்பன். கடற்படையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, எங்கள் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்காகச் சேர்ந்தவன். அவன் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதியச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவன் அதிகம் பேசமாட்டான். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் கை கழுவ மறந்து பேசுவான்.

பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய வருடம், மாதனூர்ப் பக்கம் ஒரு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து கோடி போனது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்த்தான்.

“இங்க பாய்மரப் படகு வுடலாம்பா” என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில், சென்னையில் யாரோ ஒதுக்கிப் போட்டிருந்த பன்னிரண்டு அடி ஃபைபர் படகு ஒன்று மினி லாரியில் வந்து இறங்கியது. ஊர்க்காரர்களிடம் பேசி, மீன் குத்தகைக்காரரிடமும் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டிக்கொள்ளச் சம்மதம் வாங்கினான். ஓவர்டைம் முடிந்து கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்கள் வெள்ளைப் பாயைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் அந்த ஞாயிறுகளைப் போல நான் வேறெதற்கும் காத்திருந்ததில்லை.

நடு ஏரியில் பாயை இறக்கிவிட்டுச் சாப்பிடுவோம். முதலில் ஒரு கருங்கல்லைக் கயிற்றில் கட்டிப் போட்டோம். காற்று கொஞ்சம் ஜாஸ்தியானதும் கல் சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்தது, படகு கரையோரக் கோரைப் புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. அதன் பிறகுதான் நங்கூரம் வேண்டும் என்றான். நான் கம்பெனி வேலையாகச் சென்னை போகவிருந்தேன். ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தான். நாலு கொக்கி உள்ளது வேண்டாம், அது தண்ணீருக்கடியில் இருக்கும் வேலிகாத்தான் முள்மரத்தில் மாட்டிக்கொள்ளும். சேற்றுக்கு இரண்டு தகடு வைத்த தட்டை நங்கூரம்தான் சரி. ஏழு கிலோ இருக்கட்டும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் இரண்டு மீட்டர் சங்கிலி கண்டிப்பாக வேண்டும்.

“வெயிட்டு மட்டும் புடிக்காது. தகடு படுத்தாதான் சேத்துல ஏறும். செயின்தான் அத படுக்க வைக்கும்” என்றான்.

காசிமேட்டுக் கடையில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஏரிக்கா இவ்வளவு என்று சிரித்தார். நாலு கிலோ நங்கூரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். தூக்கிப் பார்த்தேன், கைக்கு அடக்கமாக இருந்தது. அன்று என்னிடம் ஏற்கெனவே இரண்டு பை இருந்தன. ரயிலில் நின்றுகொண்டு வரவேண்டும். சங்கிலியையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. இதுவே போதும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அவன் அதைக் கையில் வாங்கிப் புரட்டினான். “செயின் எங்க?” என்று மட்டும் கேட்டான். அடுத்த தடவை வாங்கிவருகிறேன் என்றேன். கயிற்றின் ஒரு முனையை நங்கூர வளையத்தில் கட்டினான், மறுமுனையைப் பாய்மரத்தின் அடியில் கட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பத்தடி ஆழத்துக்கு எழுபது அடி கயிறாவது விட வேண்டும், நீளம் கம்மியானால் இழுப்பு மேல்நோக்கிப் போய் நங்கூரம் பெயர்ந்துவிடும் என்றான். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை சென்னை போனேன். சங்கிலி ஞாபகமே வரவில்லை. நங்கூரம்தான் பிடித்துக்கொண்டிருந்ததே.

அந்த ஞாயிறு மார்கழி மாதம். காலையில் இலை அசையவில்லை. நங்கூரத்தை இன்று நீ போடு என்றான். மெதுவாக இறக்கினேன். கயிறு போகப் போகப் படகு பின்பக்கம் தண்ணீருக்கு மேல் நீட்டியிருந்த வேலிகாத்தான் கிளைகளை நெருங்குவதுபோல் எனக்குத் தோன்றியது. முப்பது அடி விட்டதும் முன்பக்கக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். மீதிக் கயிறு என் காலடியில் சுருளாகக் கிடந்தது. அவன் அப்போது சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

சாப்பிட்டதும் வழக்கம்போல ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தான். படகைச் சுற்றி நீந்தி, மல்லாந்து மிதந்தான். நான் டப்பாக்களைக் கழுவினேன். ஏலகிரி மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒரே வீச்சாக வந்து நிற்காமல் அடித்தது. நிமிர்ந்தபோது அவனுக்கும் எனக்கும் நடுவில் நிறையத் தண்ணீர் இருந்தது. நங்கூரத்தை இழுத்துக்கொண்டு படகு நகர்ந்துகொண்டிருந்தது.

“கயித்த வுடு” என்று கத்தினான். “இன்னும் வுடு.”

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று போலீஸிடம்கூட நான் சொல்லவில்லை. ஆனால் என் கைகள் கயிற்றை இழுத்தன. இழுத்தால் படகு அவன் பக்கம் போகும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. பலம் கொண்டமட்டும் இழுத்தேன். நங்கூரம் சேற்றிலிருந்து பெயர்ந்து லேசாக மேலே வந்தது. அப்புறம் படகைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

படகைவிடக் கரைதான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கரைக்குப் போகவில்லை, படகை நோக்கி நீந்தினான். ஒரு ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்தேன், காற்று அதை என் பக்கமே கொண்டுவந்தது. துடுப்பைப் போட்டேன், படகு சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பார்த்தபோது அவன் தலை தெரியவில்லை.

மறுநாள் காலையில் தீயணைப்புக்காரர்கள் அவன் உடலை எடுத்தார்கள். இதயம் நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். காற்று வந்தது, நங்கூரம் பிடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து அவன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கிலோ, சங்கிலி, முப்பது அடி, நான் இழுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பதால்தான் அவன் கரையை விட்டுவிட்டுப் படகைத் தேடி வந்தான் என்று நான் நினைப்பதையும் சொன்னேன். அவள் டியூட்டி முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லிட்டீங்கண்ணா. உங்களுக்கு பாரம் எறங்கிடுச்சு” என்றாள். “நான் இத எங்க கொண்டுபோய் வெப்பேன்?”

போய்ட்டு வாங்க என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

படகை மீன் குத்தகைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டோம். சென்னை போக வேண்டாத வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாகத்தான் உட்காருவேன். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

ஒன்றரை வருடம் போனது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளிடமிருந்து போன். சாயந்திரம் வர முடியுமா என்று கேட்டாள். போனேன். டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு சாப்பிடும்போது அவரு இன்னா பேசினாரு?” என்றாள். “அத மட்டும் நீங்க சொல்லவே இல்ல.”

சொன்னேன். புளிச்சோறு கொண்டுவந்திருந்தான். உப்பு கம்மி, நைட் டியூட்டி முடிச்சு வந்து தூக்கக் கலக்கத்துல செஞ்சிருக்கா, நான் ஒண்ணும் சொல்லலப்பா என்று சிரித்தான். பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைத்தால் ராமேஸ்வரம் கூட்டிப்போய்ப் பாம்பன் பாலத்தில் நிற்க வைக்க வேண்டும், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கடலையே காட்டவில்லை என்றான். பிறகு டப்பாவில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டான்.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் பேசியதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன்.