எல்.டி.சி. மூட்டையும் அம்மாவின் கோட்டும்

போர்ட் பிளேரில் குளிர்காலக் கோட்டு வேண்டுமென்றால் ஒரே வழிதான். யாரோ போட்டுக் கழித்த கோட்டுக்குள் கையை நுழைக்க வேண்டும். வருஷம் பூராவும் வேர்த்துக் கொட்டுகிற ஊரில் எந்தக் கடைக்காரன் புதுக் கம்பளிக் கோட்டு வாங்கித் தொங்கவிடுவான்? ஆன்லைனில் தேடினேன். அழகழகாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் அமுக்கினேன். 'இந்தப் பின்கோடுக்கு டெலிவரி இல்லை.' இன்னொன்று, அதே பதில். ஒரு கம்பெனிக்காரன் மட்டும் தருவதாகச் சொன்னான், ஆறு வாரமாகுமாம். போய்ட்டு வந்து போட்டுக்கச் சொல்றியாடா என்று போனைப் பார்த்தே கத்தினேன்.

அதற்காக நான் அழுதுகொண்டு ஹேடோவுக்குப் போனேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பழைய துணிக் கடை என்றால் பைத்தியம். அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வங்காளி அக்கா கடை வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் அவள் தீதி. கப்பலில் வருகிற மூட்டைகளைத் தரையில் அவிழ்த்துக் கொட்டுவாள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவோம். ஆபீஸில் ஃபைலைத் தள்ளித் தள்ளிச் செத்துப்போன என் கைகளுக்கு அந்தக் குவியலைத் தொட்டதும் உயிர் வந்துவிடும். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினால், கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: இது பருத்தி, இது நைலான், இது யாரோ கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்தி வெறுத்துப்போனது. ஆபீஸில் யாராவது 'குர்த்தி சூப்பரா இருக்கே, எங்க எடுத்தது?' என்று கேட்டால், 'மெயின்லேண்ட்' என்பேன். பொய்யா அது? மூட்டை வேறெங்கிருந்து வருகிறதாம்?

தீதியின் கடையில் கம்பளி தனி மூட்டை. அதற்கு ஊரே வைத்த பெயர் எல்.டி.சி. மூட்டை. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் குடும்பத்தோடு எங்காவது போய்வர அரசாங்கமே டிக்கெட் செலவைத் தரும் சலுகைதான் எல்.டி.சி. தீவுக்காரர்கள் நாங்கள் அதை வைத்துக் கடலையா பார்க்கப் போவோம்? கடல் எங்களுக்கு அலுத்துப்போனது. காஷ்மீருக்கு ஓடுவோம். போகும்போது தீதியிடம் கோட்டு, வந்ததும் துவைத்து மறுபடி தீதியிடமே. அடுத்த குடும்பம் அதைப் போட்டுக்கொண்டு போகும். ஒரு நீலக் கோட்டு காஷ்மீருக்கு ஐந்து தடவை போய்வந்துவிட்டது என்றும், வழி தெரியாவிட்டால் அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் தீதி சொல்வாள்.

இந்த முறை என் எல்.டி.சி.யில் அம்மாவைக் கூட்டிப்போவதாக முடிவு. அம்மா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்து வயதில் கப்பலேறி வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் தமிழை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டு, இப்போதுதான் என்னோடு போர்ட் பிளேர் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறாள். அறுபது தாண்டியாயிற்று. டிவியில் பனி விழுவதைக் காட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். "பனி நா பாக்காததா? ஆனா இந்த மாதிரி மேலேர்ந்து பஞ்சு பஞ்சா விழுறத பாத்ததில்ல புள்ள. அதுல கொஞ்ச நேரம் நிக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. டாக்டர் எக்ஸ்ரே படத்தையெல்லாம் பார்த்துவிட்டு, போகலாம், ஆனால் விமானத்தை விட்டு இறங்கும்போதே நெஞ்சு மூடின தடிமனான கோட்டு உடம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டிப்போகாதே என்று சொல்லிவிட்டார். கோட்டு இல்லையென்றால் பனி இல்லை. டிக்கெட் புதன்கிழமைக்கு.

இதில் அம்மா ஒரு பிடிவாதம் பிடித்தாள் பாருங்கள். "அடுத்தவுங்க கழிச்சதெல்லாம் நா போட மாட்டேன்." நான் வீட்டுக்குப் போட்டிருந்த பாவாடையே தீதி கடைச் சரக்கு, அதை அம்மாதான் தினமும் துவைத்துப் போடுகிறாள். அதைச் சொன்னால், "அது ஒன் பாடு" என்றாள். சரி, கோட்டு கைக்கு வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடையில் அப்போது கோட்டே இல்லாததால், கப்பல் வந்து புதுக் கம்பளி மூட்டை இறங்கியதும் போன் பண்ணச் சொல்லி தீதியிடம் எங்கள் இரண்டு பேர் நம்பரையும் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை நான் போனை ஆபீஸில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது தீதி அம்மாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது அம்மா.

அம்மாவின் இந்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியில் நேற்றுக்கும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். அம்மா இந்தச் சிக்கலைக் கையால் தீர்த்துவைத்திருந்தாள். கையை முன்னால் ஆட்டினால் நாளைக்கு, தோளுக்கு மேல் பின்னால் வீசினால் நேற்று. மீன்காரி, கியாஸ்காரன், பால்காரன் எல்லாரும் அவளிடம் கையை ஆட்டித்தான் பேசுவார்கள். போனில் எங்கே கை தெரியும்?

"என்னம்மா சொன்னா தீதி?"

"மூட்ட கல்லுன்னா. நாளைக்கு வருதாம்." சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அதோட என்னைய ஆயாங்குறா. மால் ஆயா, ஆயான்னு ரெண்டு தடவ. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல, வேலைக்குப் போறவங்க புள்ளைக்குத் தொட்டில் ஆட்டுற ஆயாவா நானு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை. எனக்கு இந்தி தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆபீஸில் அதில்தான் சண்டை போடுகிறேன். ஆனாலும் ஏறவில்லை. நாளைக்குத்தானே, ஆபீஸ் விட்டு வரும்போது போய்க்கொள்ளலாம் என்று தலையைத் துவட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

அங்கே கொடியில் ஒரு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கோட்டு. பட்டப்பகல் வெயிலில், யாரோ ஒருவரின் லுங்கிக்கும் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கும் நடுவில், கையை விரித்துக்கொண்டு தொங்குகிறது. கீழ்வீட்டு அக்கா கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எப்ப?"

"கல்," என்றாள் அவள், கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி. "நேத்து சாயங்காலம். ஒரே கூட்டம். எல்.டி.சி.காரங்க பூரா அங்கதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மால் ஆயா. சரக்கு வந்தாச்சு! அம்மாவை யாரும் ஆயா என்று கூப்பிடவில்லை. மூட்டை நேற்றே வந்து, நேற்றே அவிழ்ந்து, நேற்றே பாதி தீர்ந்தும்விட்டது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே படியிறங்கினேன். ஈரத்தலையோடு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் தள்ளினேன். அவளுக்கு அளவு பார்க்காமல் வாங்கி, அது நெஞ்சை மூடாமல் போனால் அப்புறம் எங்கே ஓடுவது?

ஆட்டோவில் எனக்கு வாய் அடங்கவில்லை. "வேணும்னேதான சொன்ன? கோட்டு கெடைக்கக் கூடாதுன்னுதான நாளைக்குன்னு சொன்ன?"

"அடிப்பாவி! எனக்குக் காதுல விழுந்தத சொன்னேன்."

"அப்ப ஏன் போட மாட்டேங்குற? பனி வேணும், கோட்டு வேணாமா? எந்த ஊரு நியாயம் இது?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் ஆட்டோ நின்றதும் சட்டென்று திரும்பினாள். கோபமாகத்தான் சொன்னாள்.

"தோட்டத்துல வருஷத்துக்கு ஒருக்கா தொரை வீட்டுப் பழைய துணி குடுப்பாங்க. வரிசையில நிக்கணும். தொரைசாணி எடுத்து நீட்டுவாங்க. எனக்கு ஒரு செகப்புக் கோட்டு குடுத்தாங்க. கைக்கு எட்டல, அக்குள்ல பிடிக்குது. எல்லார் முன்னாடியும் போட்டு, ஒரு சுத்து சுத்திக் காட்டி, சிரிக்கணும். நானும் சிரிச்சேன். வேணாம்னு சொல்ல முடியுமா? அப்பாவுக்கு வேல போயிரும். அன்னைக்கு நெனச்சதுதான். இனிமே எவ குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கிட்டு சிரிக்க மாட்டேன்."

இத்தனை வருஷமாக இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அந்தத் தொரைசாணி மேல் வந்த ஆத்திரத்தில் லாரிக்காரனைத் திட்டினேன்.

கடையில் போய்ப் பார்த்தால் பெருங்காயம் தீர்ந்து டப்பாதான் மிச்சம் என்கிற நிலைமை. குவியலில் ஆண்பிள்ளை ஜாக்கெட்டுகள், ஒற்றைக் கையுறைகள், குழந்தைக் குல்லாய்கள். நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டினேன். தோல் ஜாக்கெட் ஒன்று பட்டை பட்டையாக உரிந்து என் மடியெல்லாம் கொட்டியது. ஒரு கோட்டு அம்மாவைப் போல மூன்று பேரை உள்ளே வைத்துப் பொத்தான் போடலாம். இன்னொன்றில் பொத்தானே இல்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"தீதி, அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கல் போலா தா நா," என்றாள் தீதி. 'கல்' என்றுதான் சொன்னேனே என்கிறாளாம். போன ஆத்திரம் எனக்குத் திரும்ப வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கண்ணாடி முன்னால் ஒரு தெலுங்குக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் தொங்கிய கோட்டைப் பார்த்ததும் தோண்டுவதை விட்டுவிட்டேன். பாட்டில் பச்சை. முழங்கால் வரை நீளம், உள்ளே துணி வைத்துத் தைத்தது, கழுத்து வரை கறுப்புப் பொத்தான். அம்மாவை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் இன்னொரு கோட்டும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். என் தோண்டலையும் அம்மா நிற்பதையும் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது. நல்ல மனசுக்காரி. சிரித்துக்கொண்டே நேரே அம்மாவிடம் வந்து, பச்சைக் கோட்டை நீட்டினாள்.

"அம்மா, ஆப் லே லோ. பெஹனோ, பெஹனோ."

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போட்டுப் பாருங்கள் என்கிறாள். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். போச்சு, காஷ்மீர் போச்சு.

"நை மாங்தா," என்றாள் அம்மா. வேண்டாம்.

அந்தப் பெண் விடாமல் இன்னும் நீட்டினாள். அம்மா ஒரு அடி பின்னால் போனாள். "நை மாங்தா!" கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் முகம் சுருங்கிப்போய் என்னைப் பார்த்தாள். அம்மா தரையில் கிடந்த குவியலைக் கையால் காட்டினாள். "அதுல போடச் சொல்லு புள்ள."

"எதுல?"

"குமியல்ல போடச் சொல்லுடி!"

சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கோட்டைக் குவியல் மேல் போட்டாள். போட்டதுதான் தாமதம், வாசலில் வந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள். நான் பாய்ந்து எடுத்தால் அதுவும் நான் கொடுத்ததாகிவிடும். ஒரு குழந்தைக் குல்லாயைப் பிடித்து முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அவசரமே படாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உரிந்த தோல் ஜாக்கெட்டைத் தூக்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். "நை மாங்தா." தோளுக்குப் பின்னால் எறிந்தாள். மூன்று பேர் கோட்டை எடுத்தாள். உதறினாள். "இது என்னா, யானைக்குத் தச்சதா? நை மாங்தா." அதுவும் பறந்தது. பொத்தானில்லாததை எடுத்துத் தையலை நகத்தால் நோண்டி, உதட்டைப் பிதுக்கி, "ச்சீ" என்றாள். எறிய எறிய அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. கண்ணெல்லாம் பளபளவென்று சிரிப்பு. ஒரு ஒற்றைக் கையுறையைக்கூட விடவில்லை, அதற்கும் ஒரு நை மாங்தா. தீதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்ற அம்மாள் செருப்பு ஒரு காலிலும் வெறுங்கால் ஒன்றுமாக அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து மூக்கில் ஏறிவிட்டது.

கடைசியில்தான் பச்சைக் கோட்டை எடுத்தாள். இப்போதுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். கையை உள்ளே விட்டாள். அக்குளில் பிடிக்கிறதா என்று தோளைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சு மூடியது. மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத அந்தக் கடையில், நெற்றியிலிருந்து வேர்வை வழிய வழிய, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள். யாரும் கேட்காமலே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தெலுங்குக்காரப் பெண் கை தட்டியே விட்டாள். அம்மா அவளிடம் போய், கோட்டின் கழுத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திக் காட்டினாள்.

"எப்புடி? நா எடுத்தது."