தங்கைக்கு அனுப்பிய வாய்ஸ்

போடியில் கணவரோடு ஏலக்காய்க் கடை நடத்துகிறேன். வெளியூர் வியாபாரிகளிடம் நானே இங்கிலீஷில் பேச வேண்டும் என்று ஆசை. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் என் மகளுடைய சிறுவர் நாவலைப் படிக்க ஆரம்பித்தேன். காணாமல் போன நாய்க்குட்டியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. புரியாத சொல் வந்தால், அந்த வரியை வாசித்து பெங்களூரில் இருக்கும் என் தங்கைக்கு வாய்ஸ் அனுப்புவேன். 'லீஷ்' என்றால் நாயைப் பிடித்துப் போகும் வார் என்று அவள் சொல்லித்தான் தெரியும். கதையில் அடுத்து என்ன ஆனது என்று அவளும் ஆர்வமாகக் கேட்பாள்.

போன மாதம் சிலமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குப் போகும்போது என் குரலே என் காதில் விழுந்தது. சித்தி மகனுடைய போனைச் சுற்றி நின்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் திக்கித் திணறி வாசித்ததையெல்லாம், நான் இல்லாத ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் தங்கை போட்டு வந்திருக்கிறாள்.

அங்கிருந்தே அவளுக்கு போன் செய்தேன்.

"சும்மா ஒரு சிரிப்புக்குத்தான்க்கா போட்டேன். இதுக்குப் போயி கோவிச்சுக்கிறியே."

"உன்னைய நம்பித்தானடி அனுப்புனேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் புத்தகத்தைத் தொடவே பிடிக்கவில்லை. இப்போது கடையில் ஆட்கள் இருக்கும்போதே சத்தமாக வாசிக்கிறேன். தெரியாத சொல்லை வருகிறவர்களிடமே கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் என் முகத்துக்கு நேராகச் சிரிக்கட்டும்.

கதையும் முடிந்துவிட்டது. "நாய்க்குட்டி கெடைச்சுச்சாக்கா?" என்று தங்கை கேட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்கு மட்டும் நான் சொல்வதாக இல்லை.